கம்பிவேலிக் காடு

2021 ஒக்டோபர் 5, செவ்வாய்

நேற்று முழுக்க லா சப்பல் கடையில் கொத்துரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்றதில் இன்று கால் இரண்டும் என்னோடு கோபம். ஐம்பத்தாறு வயதில் இரண்டு தகரத்தால் ரொட்டியை அடிப்பதுதான் தொழிலென்றால் கால் வேறென்ன செய்யும்.

மகளுக்கு வேலை கிடைத்ததாமே, எங்கே என்று வரதராசா அண்ணை கேட்டார். முதலாளி கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும். காட்டிலாகா என்றேன். அரசாங்கமோ என்றார். அது மாதிரித்தான் என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பார்த்தேன்.

அரசாங்கமும் இல்லை, அது மாதிரியும் இல்லை. எங்கள் ஒரே பிள்ளை சுபாங்கி காடு பராமரிக்கிற படிப்பை இரண்டு வருடம் படித்துவிட்டு, பிரெஞ்சு நாட்டின் நடுவே இருக்கிற சொலோன் பக்கம் ஒரு வேட்டைக் கம்பனியில் சேர்ந்திருக்கிறாள். பெரிய காடு. சுற்றிவர ஆளுயரத்துக்கு மேல் கம்பிவேலி. உள்ளே காட்டுப்பன்றி. வசதியான ஆட்கள் காசு கட்டிவிட்டு வந்து சுடுவார்கள். கட்டினவருக்குப் பன்றி நிச்சயம்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் துவக்குக்கு லைசன்ஸ் எடுத்தவள் இவள்தான். ஊரில் எனக்குத் தெரிந்து துவக்கு வைத்திருந்தவர்கள் யாரும் லைசன்ஸ் எடுத்ததில்லை.

2021 ஒக்டோபர் 10, ஞாயிறு

என் மனைவி திலகம் இன்றைக்கும் தொடங்கினாள். ஏன் விட்டனீங்கள் என்று. நான் எங்கே விட்டேன், அவள் போனாள்.

2021 நவம்பர் 9, செவ்வாய்

சூரன்போர். ஆறு நாளும் திலகம் பாலும் பழமும்தான். நான் கடையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பக்தியோடு தோடம்பழம் உரித்துக் கொடுக்கிறேன்.

பிள்ளை போன் எடுத்தாள். வேலை எப்படி என்றேன். நல்லம் என்றாள். சாப்பிட்டாயா என்றேன். ஓம் என்றாள். மற்றதெல்லாம் பிரெஞ்சில். காலையில் பன்றிகளுக்குச் சோளம் போடுவது இவள் வேலையாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு துள்ளல்.

திலகம் போனை வாங்கவில்லை. விரதத்தில் இருக்கிறாளாம். போன் என்ன மச்சச் சாப்பாடா?

2021 நவம்பர் 28, ஞாயிறு

திரும்புகிற ரயிலில் இருந்து எழுதுகிறேன்.

பிள்ளை வேலை செய்கிற இடத்தை ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும் என்று நேற்றே போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டபோது வரதராசா அண்ணை என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

வேட்டை என்றால், துவக்குக்காரர்கள் ஒரு வரிசையில் பேசாமல் நிற்பார்கள். வேறு ஆட்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்திக்கொண்டு பற்றைக்குள்ளால் நடந்து பன்றிகளை அவர்கள் பக்கம் கலைக்கவேண்டும். கலைக்கிறவர்களுக்குச் சுபாங்கிதான் பொறுப்பு. இன்று ஒருவர் வரவில்லை. பிள்ளை என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் நடப்பீங்களோ?"

அவள் தமிழில் ஒன்றைக் கேட்டால் நான் எதற்கும் தலையாட்டுவேன். அது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

செம்மஞ்சள் மேல்சட்டை, கையில் ஒரு தடி. துவக்குக்குப் பயந்து கடல் கடந்து ஓடிவந்தவன், முப்பது வருடத்துக்குப் பிறகு துவக்குகளை நோக்கித் தடியோடு நடக்கிறேன். என் வாழ்க்கையில் இவ்வளவு புத்திசாலித்தனமாக நான் எதையும் செய்ததில்லை.

எல்லோரும் பிரெஞ்சில் கத்தினார்கள். எனக்கு என்ன கத்துவதென்று வரவில்லை. வாயைத் திறந்தேன், "அரோகரா" என்று வந்தது. பக்கத்தில் நடந்த போர்த்துக்கேயக் கிழவனுக்கு அது பிடித்துப்போக, அவனும் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவனும். சொலோன் காட்டில் கொஞ்சநேரம் காவடி.

பிறகு முதல் வெடி.

நான் சருகுக்குள் முகங்குப்புறக் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. எனக்கு வெடி பட்டுவிட்டது என்று நினைத்துப் போர்த்துக்கேயன் குழறினான். பிள்ளை ஓடிவந்தாள். சறுக்கிப் போட்டன் என்று சொன்னேன். அவள் குனிந்து என் முழங்காலில் இருந்த சேற்றைத் தட்டினாள். அதற்குப் பிறகு என் பக்கத்திலேயே நடந்தாள்.

வேட்டை முடிய, செத்த பன்றிகளைப் பைன் கொப்புகள் பரப்பி வரிசையாகக் கிடத்தினார்கள். நாலு மூலையிலும் நெருப்பு. ஒருவர் கொம்பு ஊதினார். செத்ததுக்குச் செய்கிற மரியாதையாம், அந்த நேரம் யாரும் கதைக்கக்கூடாதாம். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். என் தலையில் தொப்பி இல்லை. மரியாதை என்றதும் எனக்குக் கழற்றத் தெரிந்தது ஒன்றுதான். குனிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் காலுறையோடு நின்றேன். பெருவிரல் பக்கம் ஓட்டை வேறு.

வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். அந்த இடத்தின் சொந்தக்காரி மதாம் மரி-லூயிஸ் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் வாய் மூடும்வரைக்கும் பார்த்தார். சுபாங்கி நின்ற இடத்தை விட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஸ்டேசனுக்குக் காரில் கொண்டுவந்து விடும்போதுதான் சொன்னாள். காலையில் சோளவாளியோடு போய் விசிலடித்தால் பன்றிகள் வரும். அதில் ஒன்று எல்லாவற்றுக்கும் முன்னால் வரும்.

"இண்டைக்கு ஆக்களை வரிசையா நிப்பாட்டத்தான் விசிலடிச்சனான் அப்பா. அது என்னட்டை வந்தது. துவக்குக்காரருக்கு முன்னாலை."

விட்டுப்போட்டு வீட்டை வா பிள்ளை. இந்த ஒரு வசனத்தை நேற்றிலிருந்து வாய்க்குள் வைத்திருந்தேன். சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் இனி வராது. நான் கேட்டது, மெஷினில் தேத்தண்ணி குடிப்பமோ என்று. ஓம் என்றாள். குடித்தோம். சீனி கூடிவிட்டது.

2021 டிசம்பர் 6, திங்கள்

மதாம் மரி-லூயிஸ் அன்று மத்தியானச் சாப்பாட்டில் சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். புருசன் செத்தபிறகு தனியாக நடத்துகிற மனுசி. வேட்டைக்கு ஆட்கள் வராவிட்டால் காட்டை விற்கவேண்டும் என்றார். வாங்குகிறவன் மரத்தை வெட்டி வீடு கட்டுவான், இல்லாவிட்டால் இதைவிட உயரமாக வேலி போடுவான். அந்த ஊரில் பலருக்கு இதுதான் சம்பளம். வேலிக்கு வெளியே சோளம் விதைக்கிறவன், பன்றி தன் வயலுக்குள் வராததற்கு வேலியைக் கும்பிடுகிறானாம். எல்லாம் நியாயம்தான். அவர் சொல்லும்போது நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தபிறகு தலை மற்றப் பக்கம் ஆடுகிறது. ஓடித் தப்ப ஒரு வழி இருக்கிறதைத் துரத்தினால் அது வேட்டை. வேலிக்குள் விட்டு, சோளம் போட்டுப் பழக்கி, காசு கட்டினவனுக்கு முன்னால் கொண்டுபோய் விடுவதற்குப் பெயர் என்ன? எங்கள் கடையில் அதற்குப் பார்சல் என்று பெயர்.

ஆனால் நான் யார் கேட்க? தினம் ஆடு வெட்டிக் கறி வைக்கிறவன். அந்த ஆட்டுக்கும் யாரோ ஒருத்தி இலை குடுத்திருப்பாள்தானே. இவ்வளவுதூரம் யோசித்ததும் வரதராசா அண்ணை, "தவம், ரொட்டி கருகுது" என்று கத்தினார். நல்லகாலம்.

திலகம் சொல்கிறாள், நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் பிள்ளை வந்துவிடுவாள் என்று. அது எனக்கும் தெரியும். சொல்லாமல் இருப்பது அதனால்தான். என் சொல்லுக்காக வந்தாளென்றால் பிறகு ஆயுளுக்கும் அவளுடைய வாடின முகத்தை நான் பார்க்கவேண்டும்.

2022 பெப்ரவரி 21, திங்கள்

பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் சுபாங்கி, முதுகில் பை, கையில் சேறு காய்ந்த சப்பாத்து.

வேட்டைக்காலம் முடிகிற நேரம் மதாமிடம் இரண்டு விசயம் கேட்டாளாம். சுடுகிற பன்றிக்குச் சோளம் போடக்கூடாது. வேலியை ஒரு பக்கமாவது திறக்கவேண்டும். காசு கட்டுகிறவர்கள் நிச்சயத்துக்குத்தான் காசு கட்டுகிறார்கள், நிச்சயத்தை எடுத்தால் நான் எதை விற்கிறது என்று மதாம் கேட்டிருக்கிறார். வேலையை விட்டுவிட்டாள், சண்டை இல்லை. கன்னத்தில் கொஞ்சித்தான் அனுப்பியிருக்கிறார்.

திலகம் இடியப்பம் அவித்தாள். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சந்தோசப்பட்டோம்.

2022 யூன் 14, செவ்வாய்

பிள்ளைக்குச் சென் தெனியில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் வேலை. கசியர். வீட்டிலிருந்து பக்கம். இனி என்ன குறை.

2022 ஒக்டோபர் 18, செவ்வாய்

குறை இருக்கிறது.

வேலை முடிந்து வந்தால் யன்னலைத் திறந்துவிட்டு நிற்கிறாள். மழை மணக்கிறாளாம். எங்கள் யன்னலுக்கு வெளியே மழை மணப்பதில்லை, கீழ்க்கடை மீன்தான் மணக்கும். கூப்பிட்டால் வருகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்கிறாள். விருந்துக்கு வந்த நல்ல பிள்ளை மாதிரி.

இன்று கால்வாய்க் கரைக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு இடத்தில் சட்டென்று குந்தி, ஈரமண்ணில் ஏதோ கால்தடத்தைக் காட்டினாள். எனக்கு அது மண். அவள் சொல்லத் தொடங்கினாள், எந்த மிருகம், எந்தப் பக்கம் போனது, எப்போது போனது. எல்லாம் பிரெஞ்சில், கடுகதி ரயில் மாதிரி. பாதி விளங்கவில்லை. விளங்கினவன் மாதிரி வுய் வுய் என்று தலையாட்டிக்கொண்டு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு இந்த முகம்.

வீட்டுக்கு வந்ததும் அந்த முகம் போய்விட்டது. நானென்ன, வேலி போட்டா வைத்திருக்கிறேன்?

2023 மார்ச் 14, செவ்வாய்

மத்தியானம் மதாம் மரி-லூயிஸ் என் போனுக்கு எடுத்தார். நாட்டில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. காட்டு வேலியெல்லாம் இடுப்பளவுக்குக் குறைக்கவேண்டும், கீழால் மிருகம் நுழைந்து போக நிலத்திலிருந்து இடைவெளி விடவேண்டும். அதற்குச் சில வருடம் தவணை இருக்கிறது, ஆனால் தன் காட்டில் இந்த வருடமே வேலியை முழுதாகக் கழற்றப் போகிறாராம். "உங்கள் மகள் எனக்கு அரசாங்கத்துக்கு முன்னமே சொன்னவள், முசியே தவா," என்றார். வேட்டை நடக்கும், ஆனால் நிச்சயம் இல்லாத வேட்டை. பொறுப்பெடுத்து நடத்த அவள் வருவாளா? அவளுடைய பழைய இலக்கம் வேலை செய்யவில்லை, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

திலகம் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"சொல்லாதேங்கோ," என்றாள். குரல் உயர்த்தவில்லை. "இப்பதான் பிள்ளை வீட்டிலை நிக்கிறாள். நீங்கள் சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?"

அது அப்படித்தான். ஆருக்கும் தெரியாது. கடையில் பின்னேரம் முழுக்க ரொட்டியை அடித்துக்கொண்டே ஆருக்கும் தெரியாது, ஆருக்கும் தெரியாது என்று தாளம் போட்டேன். இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்து இரண்டு வாய் வைத்தேன். சொல்லிவிட்டேன்.

சுபாங்கி தாயைப் பார்த்தாள். பிறகு என்னை.

"நீங்கள் என்னப்பா சொல்லுறீங்கள்?"

எவ்வளவு யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பக்கம் இவ்வளவு நியாயம், இந்தப் பக்கம் இவ்வளவு நியாயம். சுடுகிறது சுடுகிறதுதான் என்றும் இருந்தது, காடு காடாக இருக்கட்டும் என்றும் இருந்தது. வாயில் வந்தது மூன்று சொல்.

"நீ போ பிள்ளை."

திலகம் எழும்பிக் குசினிக்குள் போனாள். பைப்பைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

2023 மார்ச் 19, ஞாயிறு

திலகம் கதைக்கவில்லை. சோறுதான் கதைக்கிறது, உப்பில்லாமல்.

2023 ஏப்ரல் 3, திங்கள்

போய்விட்டாள்.

2023 செப்ரெம்பர் 24, ஞாயிறு

வேலியின் கடைசித் துண்டு இன்று கழற்றினார்கள். நானும் போனேன், உதவி என்று பெயர். கம்பி சுருட்டியதில் ஒரு கையுறை கிழிந்தது, ஒரு காற்சட்டை கிழிந்தது, போர்த்துக்கேயக் கிழவன் சிரித்துச் சிரித்து இருமினான்.

பின்னேரம் நாலைந்து பன்றிகள் வந்தன. வேலி நின்ற கோட்டில் வந்து நின்றுவிட்டன. முன்னால் ஒன்றும் இல்லை, வெறும் புல்லு. ஆனாலும் கால் வைக்கவில்லை. மூக்கை நீட்டி மணந்து பார்த்துவிட்டு, இல்லாத கம்பிக்குப் பக்கத்தாலே நடந்து போயின. எப்ப போகுமென்று கேட்டேன்.

"தெரியாதப்பா," என்றாள் சுபாங்கி. "அதுகள் நினைக்கேக்கை."

2023 நவம்பர் 19, ஞாயிறு

வேலி இல்லாத முதல் வேட்டை. சமையலுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். வரதராசா அண்ணை இந்தமுறை நெற்றியைத் தொடவில்லை, என் மகளின் காட்டுக்கென்று சொல்லிக் கறித்தூளை இலவசமாகத் தந்தார்.

போகமுதல் வந்தவர்களை நிற்பாட்டி வைத்துச் சுபாங்கி கதைத்தாள். இன்று ஒன்றும் வராமல் போகலாம், பிடிக்காதவர்கள் இப்போதே சொல்லலாம் என்று. இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு காரை எடுத்தார்கள். மதாம் மரி-லூயிஸின் முகம் கொஞ்சம் சுருங்கினதைக் கண்டேன். மற்றவர்கள் போனார்கள்.

நான் குசினியில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கத்துகிற சத்தம் கேட்டது. வெடிச்சத்தம் கேட்கவேயில்லை. மத்தியானம் எல்லோரும் நனைந்து, சேறு பூசி, வெறுங்கையோடு வந்தார்கள். பன்றிக்கூட்டம் ஒன்று ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டதாம். ஒருவர் மட்டும் தூரத்தில் கண்டிருக்கிறார். கண்டதையே சாப்பாடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வொருமுறையும் பன்றி கொஞ்சம் பெருத்தது.

அக்கரையில் சோளம் விதைக்கிறவன் வயல் போச்சென்று நாளைக்குத் துள்ளிக்கொண்டு வருவான். அதையும் பிள்ளைதான் பார்க்கவேண்டும். பார்ப்பாள்.

இன்று இங்கே ஒன்றும் சாகவில்லை. லா சப்பலில் இருந்து நான் கொண்டுபோன ஆட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. உறைப்புக்கு மூக்கைச் சிந்திச் சிந்திச் சட்டியை வழித்துத் தின்றார்கள்.

திரும்ப வெளிக்கிடும்போது பிள்ளை வெளியே நின்று, அடுத்த மாதத்துக்கு வரப்போகிற ஆட்களோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு கையைத் தூக்கினாள், கதையை நிற்பாட்டவில்லை. கால்வாய்க் கரையில் கண்ட அதே முகம்.

ரயிலில் இருந்து திலகத்துக்குப் போன் எடுத்தேன்.

"புது வருசத்துக்கு வாறாளாமோ?"

"இல்லை. சீசனாம்."

அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்.

"அங்கை குளிரே?"

"ஓம். நல்ல குளிர்."

"அப்ப அந்தத் தடிச்சப் போர்வையைக் கட்டி வைக்கிறன். அடுத்தமுறை போகேக்கை சொல்லுங்கோ, நானும் வாறன்."