சவ வண்டியின் சாவி

அன்புள்ள ஒடெஸா,

ஆஸ்பத்திரி நர்ஸ் இதை உனக்குப் படித்துக் காட்டுவதாகச் சொன்னாள். பட்டறை திறந்துதான் இருக்கிறது. எந்த வண்டி வந்தாலும் கண்ணாடிகளை இறக்கி, மூன்று மணி நேரம் வெளியே நிறுத்திய பிறகே தொடுகிறேன். கொரோனா வந்ததும் நீ போட்ட சட்டம்.

சவ அடக்கம் நடத்தும் ப்ரூயிட்டின் சவ வண்டிக்கு மட்டும் ஒரு நாள் அதை மீறினேன். "சர்ச்சுல பெட்டி காத்துக்கிட்டிருக்கு, சீக்கிரம்பா" என்றார். பிரேக்கைச் சரிசெய்துவிட்டு நேரே வந்து உன்னோடு சாப்பிட்டேன். நாலாம் நாள் உனக்குக் காய்ச்சல்.

திங்கட்கிழமை அதே வண்டி மறுபடி வந்தது. "இன்னுமா முடியல? டெட்ராயிட்ல நம்ம கறுப்பு சனத்துக்கு உன்னை விட்டா யாருய்யா இருக்கா?" என்று தினமும் போனில் கத்துகிறார். பிரேக் பேட் வரவில்லை என்கிறேன்.

வேலை செவ்வாயே முடிந்துவிட்டது. நீ வீட்டுக்கு வந்த பிறகுதான் சாவியைக் கொடுப்பேன்.

உன் பட்டறைக்காரன்