துரை விட்டுப்போன நாய்

திருகோணமலை,
வைகாசி 1958

அன்புள்ள அத்தானுக்கு,

கொழும்பில் தமிழரை வீடு தேடி அடிக்கிறார்கள் என்று கேள்வி; நீங்கள் சுகம் என்றே நினைத்துக்கொள்கிறேன். வேறுவிதமாக நினைக்க ஏலாது.

துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை குட்டி விற்பதற்காக வளர்த்து, கப்பலேறும்போது உங்களிடம் தந்த கிழட்டுப் பெட்டை நாய் இன்றுவரை குரைத்ததில்லை. அவருடைய சமையல்காரர் சரீப் நானாவிடம் கேட்டேன். "ஒரு குட்டியையும் அதுக்கிட்ட விடேல்ல, பிள்ளை. வேலிப் படலையில ஆள் வந்தா குட்டியை எடுக்கத்தான் எண்டு நினைக்கும். குரைக்காது, குட்டியை ஒளிக்கப் பார்க்கும்," என்றார்.

இன்று படலையடியில் ஒரு லொறி நின்றது. தெரியாத ஆட்கள் கதைக்கும் குரல் கேட்டது. நாய் சத்தமில்லாமல் எழுந்து, பாயில் கிடந்த சின்னவளைச் சட்டையில் கவ்விக் கட்டிலுக்கடிக்கு இழுத்துச் சென்றது. நான் தடுக்கவில்லை. பின்னாலேயே ஊர்ந்து போனேன்.

லொறி போய்விட்டது. இதைக் கட்டிலுக்கடியில் இருந்துதான் எழுதுகிறேன்.

வரும்போது படலையைத் தட்டாதீர்கள். தூரத்திலிருந்தே என் பெயரைச் சொல்லிக்கொண்டு வாருங்கள்.

சின்னவளின் அம்மா