பேஸ்ட் மூடி மாட்டின ரேடியோ

என் சின்னவனுக்கு, அம்மா எழுதறது. உடம்புக்கு ஒண்ணும் இல்லை, மூட்டுவலிகூட தேவலாம், மனசுதான் சரியில்லை. நீயும் குழந்தையும் சுகமா, அவளுக்கு இருமல் நின்னுதா? போன்ல பேசினா அழுதுடுவேன், அதான் எழுதறேன். அப்பாவோட ரேடியோ கைவிட்டுப் போயிடுச்சுடா.

அப்பா போனதுக்கப்புறம் வீடு மாறின களேபரத்துல உங்க அண்ணி அதைப் பழைய சாமானோட தூக்கிக் கொடுத்துட்டா, அவளைச் சொல்லிக் குத்தமில்லை, பார்க்கறவங்களுக்கு அது உடைசல்தானே. இன்டர்நெட் ஏலத்துல அதோட போட்டோவைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ஸ்டேஷன் திருகற குமிழ் உடைஞ்சதுக்கு அப்பா பேஸ்ட் மூடியைச் சொருகி வச்சிருந்தாரே, அந்தச் சிவப்பு மூடி அப்படியே இருந்துது. ரேடியோ ரிப்பேர்காரர் வீட்டு ரேடியோவுக்கு இந்தக் கதியான்னு எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருப்பேன், சிரிச்சுக்கிட்டே அதைத்தான் திருகுவார். நீ படிச்சுப் படிச்சுச் சொன்ன, கடைசி நிமிஷம் வரைக்கும் மூச்சு விடாதேம்மா, முன்னாடியே விலை கேட்டா எல்லார் கண்ணும் அதுமேல விழும், முடியப்போற நேரத்துல உன்னால முடிஞ்ச உச்ச விலையை ஒரே தடவையாப் போட்டுடுன்னு. நானும் மண்டைய மண்டைய ஆட்டினேன். ஆனா தினமும் திறந்து பார்த்தா இதுவரைக்கும் யாரும் கேட்கலைன்னே காட்டுது. எத்தனை வீட்டு ரேடியோவைப் பேச வச்ச மனுஷன், அவரோடது சீந்துவாரில்லாம கிடக்குதேன்னு எனக்குப் பொறுக்கலை. நானே முதல் விலை கேட்டுட்டேன், ஒரு மரியாதைக்குத்தான். அவ்வளவுதான், இதுல என்னமோ இருக்குன்னு ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்துட்டாங்க. கடைசியில உன் வித்தையையே எவனோ எனக்குக் காட்டிட்டான், முடியற நேரத்துல ஏத்திப் போட்டான், நான் கண்ணாடியைத் தேடி மாட்டி விலையைத் தட்டறதுக்குள்ள ஏலம் முடிஞ்சுதுன்னு வந்துடுச்சு. என் அவசரபுத்தியை எதால அடிக்கறது சொல்லு.

வெட்கத்தை விட்டு வாங்கினவருக்கு எழுதினேன், ரேடியோ உங்களுக்கே இருக்கட்டும், அந்த மூடியை மட்டும் கழட்டி அனுப்புங்கன்னு. நல்ல மனுஷன்தான், உடனே பதில் போட்டார். அசிங்கமா இருந்துதுன்னு கைக்கு வந்த அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டாராம், புதுக் குமிழ் மாட்டி போட்டோவும் அனுப்பியிருக்கார். ரொம்ப அழகா இருக்கு. என்னால பார்க்க முடியலை.

அண்ணிகிட்ட மூச்சு விடாதே, அவ வேற உட்கார்ந்து அழுவா. நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தையோட நூறு வருஷம் நல்லா இரு. அப்பா உனக்கு ஒட்டித் தந்த டார்ச் லைட் இருக்குதானே? எரியலைன்னாலும் பரவாயில்லைடா, தூக்கி மட்டும் போட்டுடாதே.

இப்படிக்கு,
பொறுக்கத் தெரியாத உன் அம்மா