மெத்தைக்கடியில் ஆறு கடிதங்கள்

மார்ச் 3

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, யாரிடமும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாக என் அம்மாவிடம். படித்தே தீர வேண்டுமென்றால் படித்துவிட்டு, என் பழைய கணக்கு நோட்டுகளுக்கு நடுவில் செருகிவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு இங்கே விளக்கு எரிந்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

இன்று சாயங்காலமும் கடன் வசூலுக்கு ஆள் வந்தார். தட்டுவதற்கு முன் இரண்டு தடவை இருமுவார். தங்கை அவருக்கு வைத்த பெயர் இருமல்காரர். இருமல் கேட்டதும் அம்மா விளக்கை அணைத்தாள், நான் குழாயை மூடினேன், தங்கை தலையணையைக் கடித்துக்கொண்டாள். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவு பழகிவிட்டது.

“உள்ள ஆள் இருக்கிறது தெரியுதும்மா” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். 

மார்ச் 5

அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அப்பா லாரியோடு வெளியூரில். அவருக்கு எதுவும் தெரியாது. ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனபோது, சம்பளம் வரும்வரை என்று அம்மா போனிலேயே கடன் வாங்கினாள். சம்பளம் விழுந்த அன்றே கடன் கம்பெனி அம்மாவின் கணக்கிலிருந்து தானாகப் பணத்தை எடுத்துக்கொண்டது. கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனது. அதற்கு வங்கி அபராதம் போட்டது. சாப்பாட்டுக்கு மறுபடி அதே கம்பெனியில் கடன். ஏழு மாதமாக இதேதான்.

இவ்வளவும் எனக்குத் தெரியாது என்று அம்மா நினைக்கிறாள்.

கம்பெனியிலிருந்து முதல் கடிதம் வந்த அன்று அம்மா சாப்பிடவில்லை. அதனால் அடுத்தது வந்ததும் என் மெத்தைக்கடியில் வைத்துவிட்டேன். பள்ளி விட்டு முதலில் வீட்டுக்கு வருவது நான்தானே. இப்போது ஐந்து இருக்கின்றன. எதையும் பிரிக்கவில்லை.

மார்ச் 9

ஆறு.

மார்ச் 14

தங்கை மெத்தைக்கடியில் கைவிட்டு, ஒரு கடிதத்தின் உறையைக் கிழித்து, உள்ளே இருந்த தாளில் படகு செய்துவிட்டாள். அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு படகைப் பிரித்துப் படித்தேன்.

திட்டி எழுதியிருக்கவில்லை. வட்டியை நிறுத்திவிடுகிறோம், பாக்கியைப் பத்துத் தவணையாகக் கட்டலாம், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று இருந்தது. பதினெட்டாம் தேதிக்குள்.

அதன்மேல் நான் இரண்டு வாரம் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

மார்ச் 15

சொல்லவில்லை. வாய் வரவில்லை. நாளைக்கு?

மார்ச் 16

சொல்லிவிட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆறையும் அவள் மடியில் வைத்தேன், படகு மடிப்பு விழுந்த கடிதம் மேலே. ரொம்ப நேரம் படித்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

“நான் உன்கிட்ட மறைச்சேன். நீ என்கிட்ட மறைச்ச. நல்ல குடும்பம்டி” என்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு, அப்படியே அழுகையாகிவிட்டது.

பிறகு அப்பாவுக்குப் போன் போட்டாள். நான் தங்கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றேன்.

மார்ச் 17

அம்மா அரைநாள் லீவு போட்டாள். நானும் பள்ளிக்குப் போகவில்லை. கடிதத்தைக் கம்பெனி அலுவலகத்திலேயே கொடுத்து முத்திரை வாங்கினோம். அடுத்து வங்கி. கம்பெனி தானாகப் பணம் எடுப்பதை நிறுத்த ஒரு கையெழுத்துப் போதுமாம். ஒரே ஒரு கையெழுத்து! ஏழு மாதமாக யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அபராதப் பாக்கியையும் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்க ஒத்துக்கொண்டார்கள்.

பழைய கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதால், சம்பளத்தை வேறு வங்கியில் போடச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது, அம்மாவுக்கு வெட்கம். சலவைக்கூடக் குமாஸ்தா தலைகூட நிமிரவில்லையாம். “இப்படிக் கேட்கிறதுல நீங்க நாலாவது ஆளு, அக்கா” என்றாராம்.

ஏப்ரல் 2

சம்பளம் வந்தது. சாயங்காலமும் பணம் கணக்கில் அப்படியே இருந்தது. அம்மா மூன்று தடவை பார்த்தாள்.

ஆகஸ்ட் 11

ஐந்து தவணை முடிந்தது. தங்கைக்குச் செருப்பு வாங்கவில்லை, அறுந்ததைத் தைத்தோம். இருமல்காரர் வருவதே இல்லை. ஆனாலும் தெருவில் யார் இருமினாலும் என் கை குழாய்க்குப் போகிறது.

ஜனவரி 6

கடைசித் தவணை. வங்கிச் சீட்டிலும் எண்ணுக்கு முன்னால் இருந்த அந்தச் சின்னக் கழித்தல் கோடு இல்லை. அம்மா அந்தச் சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, “இத்தனைக்கும் காரணம் நீதான்” என்று ஃப்ரிட்ஜைத் திட்டினாள்.

இன்னும் குளியலறையில்தான் எழுதுகிறேன். வாளி பழகிவிட்டது. அம்மா இன்னும் தூங்கவில்லை, நாளைக்கு…

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். இந்த நேரத்தில். நான் விளக்கை அணைக்க எழுந்துவிட்டேன். ஆனால் கூடத்து விளக்கு எரிகிறது, அம்மா அதை அணைக்கவில்லை. அம்மா நடந்து போகிறாள், தாழ்ப்பாளில் கை வைக்கிற சத்தம், “யாரு? இருங்க, இதோ வர்றேன்” என்கிறாள்.