உச்சி வெயிலில் சுற்றிய சக்கரம்

மாப்ளே,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஒவ்வொரு வரியும் நேராகத்தான் கிளம்புகிறது. பாதிக்கு மேல் மேட்டில் ஏறும் வண்டி மாதிரி ஏறிவிடுகிறது. 'ழ' போட்டால் வாலை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பேனா சுற்றிக்கொண்டே இருக்கிறது. தாளில் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அதையும் மன்னித்துவிடு. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. காலையில் வீட்டுப்பாடம் எழுதத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து உட்கார்ந்துவிட்டாய். சரி, பாடம் கிடக்கட்டும், உனக்கே எழுதுவோம் என்று தோன்றியது.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை. எங்கள் நாரணாபுரம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. நீ போன பிறகு அதில் சேர்ந்தேன். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் நீதானே எனக்கு வாசித்துச் சொல்வாய்? ஒரு நாளாவது என்னைப் படி என்று சொன்னாயா? நானாகப் பேச்செடுத்தபோதுகூட, "நீ படிச்சுட்டா எனக்கு வேலை போயிரும்லே. அப்பறம் எந்தச் சாக்குல இம்புட்டுத் தூரம் சைக்கிள மிதிச்சு வர்றது?" என்றாய்.

வாசித்ததிலும் எத்தனை பொய்! விஸ்வநத்தம் கல்யாணத்துக்குப் பத்திரிகையில் 'கறி விருந்து' என்று போட்டிருப்பதாகச் சொல்லி என்னை இழுத்துப் போனாய். இலையில் சாம்பார் விழுந்ததும் நான் உன்னைப் பார்த்தேன். "அச்சடிச்சவன் தப்பு மாப்ளே," என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாய். அச்சாபீசுகள் நிறைந்த சிவகாசியில் இருந்துகொண்டு இப்படி ஒரு பழியைப் போட உனக்குத்தான் வாய் வரும்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலையை விட்டுவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்ததும், ஊசித் துளை தெரியாத அளவுக்குக் கண் மங்கி நீ தையல் கடையை மூடியதும் ஒரே சமயத்தில் நடந்தது நம் அதிர்ஷ்டம். தன்னுடைய துரதிர்ஷ்டம் என்பாள் என் வீட்டுக்காரி பொன்னுத்தாய். பழைய இரும்புக் கடையில் கிடக்கும் தையல் மெஷின்களைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து எங்கள் முன்னறையில் இறக்குவாய். கழற்றுவோம், துரு துடைப்போம், பூட்டுவோம், சண்டை போடுவோம், மறுபடி கழற்றுவோம். ஓடத் தொடங்கியதும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தேடுவோம்.

சண்டை பெரும்பாலும் என் சுத்தியலைப் பற்றித்தான். மருந்து அறையில் இரும்போடு இரும்பு உரசினால் பொறி. பொறி பறந்தால் ஆள் மிச்சமில்லை. அந்தப் பயம் என் கையில் ஊறிப்போனது. இறுகிய திருகாணியை மரச் சுத்தியலும் பித்தளைக் கம்பியும் வைத்துத்தான் தட்டுவேன். மெஷினைத் தொடும் முன் செருப்பைக் கழற்றி வாசலில் விடுவேன்.

"ஏலே மாப்ளே, இது சட்டை தைக்கிற மெஷினுலே, சரவெடி இல்ல. ஓங்கித் தட்டு."

"தட்டுறப்ப பேச்சுக் குடுக்காத."

"சரி ராசா, பூப்போலத் தட்டு. நான் ஒரு பீடி பத்த வச்சுக்கிடலாமா?"

"தெருவுக்குப் போ. மண்ணெண்ணெய்க் கிண்ணம் இங்கன இருக்கு, கண்ணு தெரியல?"

"தையக்காரனைத் தெருவுல நிறுத்துன மொத ஆளு நீதாம்லே," என்று முனகிக்கொண்டே போவாய்.

இன்னொரு சண்டை எண்ணெய். நீ விருதுநகரில், எண்ணெய் ஆலைக்கு எதிர் வீட்டில் பிறந்தவன். நல்லெண்ணெய் தீர்க்காத நோய் உலகத்தில் உண்டு என்று உன்னை ஒத்துக்கொள்ள வைக்க முடியாது. "தலைக்கு வைக்கிறோம், தோசைக்கு ஊத்துறோம், பெத்த பிள்ளை தொப்புள்ல வைக்கிறோம். மெஷினு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்பாய். ஓடுகிறவரைக்கும் அது சரி. ஓடாமல் கிடந்தால் நல்லெண்ணெய் காய்ந்து பிசினாகிவிடுமே, கடையில் விற்கும் மெஷின் எண்ணெயை வாங்கித் தொலையேன் என்று நான் தலைபாடாக அடித்துக்கொள்வேன். நீ கேட்க மாட்டாய்.

அந்தப் பிசின்தான் உன் வீட்டு மெஷினையே பிடித்தது. உன் பெண்டாட்டி, நான் தங்கச்சி என்று கூப்பிடும் ஆமினா, நிக்காஹ் ஆகி வந்தபோது தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்பு மெஷின் அது. உன் சட்டைகளையும் மகளின் பாவாடைகளையும் அதில்தான் தைத்தாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு மூடிவைத்துவிட்டாள். நீ ஆசை ஆசையாக ஊட்டிய நல்லெண்ணெய் உள்ளே இறுகி, ஒரு நாள் திறந்து பார்த்தால் சக்கரம் அசையவில்லை. "ஒரே வாரத்துல ஓட வச்சுத் தாரோம்," என்று சொல்லிவிட்டு, தலைப்பகுதியைக் கழற்றி எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தாய்.

அவள் வாசலில் நின்று, "அண்ணே, உங்க ரெண்டு பேரு வாரம் எனக்குத் தெரியும். எம் பேத்தி பேரன் எடுக்குறதுக்குள்ள குடுத்துருங்க," என்றாள்.

அந்த வாரம் முடியும் முன்னே அடைமழையில் காய்ச்சல் கண்டு நீ போய்விட்டாய். நீ கடைசியாகத் துடைத்துப் போட்ட லுங்கித் துணி மூடியபடி, மெஷின் என் பலகையில் கிடந்தது. நான் தொடவே இல்லை.

இந்தக் கோடையில் தங்கச்சி வந்தாள். பொன்னுத்தாய் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மதுரைக்கு மகள் வீட்டோடு போகப் போவதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சாமான் ஏற்ற வண்டி வருகிறதாம். பிறகு மெஷின் பக்கம் திரும்பினாள்.

"ஓடுச்சுன்னா கூடவே கொண்டு போயிருவேன் அண்ணே. ஓடலைன்னா இரும்புக் கடையில போட்டுருங்க. மூச்சில்லாத மெஷினைப் பாத்துக்கிட்டு அங்கன போயி உக்கார என்னால முடியாது."

நீயே சொல் மாப்ளே. எந்தக் கடையிலிருந்து நீயும் நானும் அத்தனை மெஷின்களை மீட்டோமோ, அதே கடைக்கு உன் வீட்டு மெஷினை நான் தூக்கிப் போவதா?

மறுநாள் விடியும் முன் எழுந்து உட்கார்ந்தேன். முதலில் சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்தினேன். சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றியது, ஊசி அசையவில்லை. அப்படியானால் நோய் சக்கரத்தில் இல்லை. அடியில் கீழ்நூலை ஓட்டும் ஷட்டிலைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் அசையவில்லை, அங்கேயும் இல்லை. மேலே கை மாதிரி நீண்டிருக்கிறதே, அதற்குள் ஓடும் தண்டுதான் பிசினில் ஒட்டிக்கொண்டிருந்தது. துளைதோறும் மண்ணெண்ணெய் சொட்டினேன். பித்தளைக் கம்பியை வைத்துப் பூப்போலத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த விடியலிலும் அதே வேலை. அதற்கடுத்த விடியலிலும். வெயில் ஏறியதும் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவேன். நாள் நெருங்க நெருங்க, மரச் சுத்தியலை விட்டுவிட்டு இரும்புச் சுத்தியலை எடுக்கலாமா என்றுகூடத் தோன்றிவிட்டது. அந்த அளவுக்கு ஆகிவிட்டது.

வியாழக்கிழமை நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் பொன்னுத்தாய்க்குப் பொறுமை போய்விட்டது. மண்ணெண்ணெய் வாடையில் சோறு இறங்கவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்குப் பிடித்து, மெஷினைத் தூக்கிக் கொண்டுபோய் முற்றத்தில் உச்சி வெயிலில் வைத்துவிட்டாள்.

நான் திரும்பி வந்து பார்த்ததும் அலறிவிட்டேன். "ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? வெயில் ஏறுன பெறகு அதைத் தொடலாமா?"

"தொட்டா என்ன? வெடிச்சிருமா?" என்றாள் அவள். "இது மருந்தா? மெஷினுதான?"

அவளோடு பேச நேரமில்லாமல் ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினேன். உள்ளங்கை பொசுங்கியது. ஆனால் மாப்ளே, சக்கரம் கைக்குள் லேசாக நழுவியது. இன்னொரு முறை, துண்டை மடித்து வைத்துப் பிடித்துத் திருப்பினேன். ஊசித் தண்டு தூங்கி எழுந்த கிழவன் மாதிரி முனகிக்கொண்டு கீழே இறங்கியது.

சுடுகிற தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருந்து கலப்பது குளிர்ந்த விடியலில்தான். வெயில் ஏறினால் மருந்தைத் தொடாதே. இது ஆயுள் முழுக்க என் உயிரைக் காத்த விதி. அந்த விதியை நான் இரும்புக்கும் வைத்துவிட்டேன்! விடியற்குளிரில் கல்லாக இறுகிக் கிடக்கும் நேரமாகப் பார்த்து அந்தப் பிசினோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதற்கு வேண்டியிருந்தது நம்மூர் உச்சி வெயில். துளைகளிலிருந்து பழுப்பாக, கருப்பட்டிப் பாகு மாதிரி கசிந்தது. முகர்ந்து பார்த்தேன். நீ ஊட்டிய நல்லெண்ணெய்தான். சிரிப்பு அடங்கவே இல்லை. பொன்னுத்தாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "வெயிலு தலைக்கு ஏறிருச்சு போல," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

பிறகு துடைத்து, மெஷின் எண்ணெய் விட்டு, எங்கள் முன்னறையில் கிடக்கும் பழைய தாங்கியில் பூட்டி மிதித்தேன். ஓடியது. ஆனால் தையல் விட்டு விட்டு விழுந்தது. நூலை மாற்றினேன், இறுக்கத்தைக் குறைத்தேன், கூட்டினேன். அப்போது உன் பேச்சு ஞாபகம் வந்தது: "தையல் விட்டு விழுந்தா வைத்தியம் தேடி ஊரைச் சுத்தாத. மொதல்ல ஊசியை மாத்து." மாற்றினேன். எறும்பு வரிசை போல விழுந்தது தையல்.

வெள்ளிக்கிழமை வண்டி எங்கள் வாசலுக்கே வந்தது. தங்கச்சி இறங்கி வந்து மெஷின் முன் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை. சக்கரத்தில் கையை வைத்து ஒரு சுற்று மெல்லத் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானை ஓரத்தில் பிரிந்திருந்த இடத்தை ஊசிக்குக் கீழே வைத்து ஓர் ஓட்டு ஓட்டினாள்.

"ஓடுது," என்றாள்.

"ஓடாம?" என்றேன் நான், ஏதோ முதல் நாளே சரி பண்ணியவன் மாதிரி.

வண்டிக்காரர் கட்டில், பீரோ, அவள் வீட்டு மெஷின் தாங்கி எல்லாவற்றையும் முன்பே ஏற்றியிருந்தார். மெஷினை அவற்றின் மேல் வைக்கப் போனபோது அவள் சம்மதிக்கவில்லை. தலைப்பகுதியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே மதுரை போய்ச் சேர்ந்தாள்.

இதை நான் எழுத உட்கார்ந்தது காலையில். இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. நடுவில் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, ஒண்ணும் பேசாதீக. கேளுங்க," என்று போனை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு மிதித்தாள். கண்ணை மூடிக் கேட்டேன். நீ மெஷினைத் திறக்கும் முன் அதை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாயே, என்னையும் வாய்மூடிக் கேட்க வைப்பாயே, அதே மாதிரி. கட கட என்ற ஓட்டத்துக்குள் வேறொரு சத்தம் இருந்தது, செருப்புத் தட்டுகிற மாதிரி.

"தங்கச்சி, பெல்ட் தொளதொளன்னு அடிக்குது. ஒரு விரக்கடை வெட்டிட்டு மறுபடி மாட்டுங்க."

அந்தப் பக்கம் மெஷின் நின்றது. "அடுப்படில இருந்துக்கிட்டே அவுகளும் இப்படித்தான் சொல்லுவாக," என்றாள். பிறகு மகளிடம் கத்தரிக்கோல் கேட்கும் குரல் கேட்டது.

பெட்டி நிறைய நீ விட்டுப்போன சாமான்கள் இங்கே இருக்கின்றன மாப்ளே. ஆனால் காதைக்கூட எனக்கு விட்டுப் போயிருக்கிறாய் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

விரல் மரத்துவிட்டது, நிறுத்துகிறேன். வெட்டிய பெல்ட் எப்படி ஓடுகிறது என்று அடுத்த வாரம் போனில் கேட்டுவிட்டு, அன்றைக்கே உனக்கு எழுதுகிறேன். அதற்குள் என் வரிகளும் கொஞ்சம் நேராகிவிடும்.