வாபஸ் வாங்காத பேர்

மாமு,

வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர் ஆற்று வாயெல்லாம் கறுத்துப்போய், முகத்துவாரக்குப்பத்துக்காரர்கள் வலையைக் கழுவவும் முடியாமல் தூக்கி எறியவும் மனசில்லாமல் கரையிலே உட்கார்ந்து கிடந்தார்களே, அந்த மழைக்காலம் முடிந்து வந்த வெயிலில்தான் நீ போய்ச் சேர்ந்தாய். வருஷத்தை நம்பரில் சொல்ல எனக்கு வராது. எண்ணெய் வந்த வருஷம், கொரோனா வருஷம், சுனாமி வருஷம் என்று நடந்ததை வைத்துத்தான் சொல்வேன். உனக்கும் அப்படிச் சொன்னால்தான் புரியும்.

இன்றைக்குக் கல்மண்டபத்தில் பாய் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இஞ்சி தட்டுகிற வாசனைக்கு நடுவே டிவியில் அந்தப் பாட்டுச் சத்தம் வந்தது. சினிமா விருதுக்கு லிஸ்டு வாசிப்பதற்கு முன்னால் டமடமவென்று ஒரு சத்தம் போடுவார்களே, அதேதான். கை தானாக டம்ளரைக் கீழே வைத்துவிட்டது. திரும்பிப் பக்கத்தில் பார்த்தேன். நீ உட்காருகிற இடத்தில் யாரோ ஒருத்தன் பேப்பரில் பஜ்ஜியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

இதை நான் எழுதவில்லை. பாயின் மருமகள் அவள் போனில் ஒரு பட்டனை அழுத்திக் கொடுத்திருக்கிறாள். பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். நான் 'கீது' என்றால் அது 'கீரை' என்று எழுதுகிறதாம். அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறேன். கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். நாம் பேசினதை மட்டும் பேசினபடியே சொல்லுகிறேன். போன் தப்பாக எழுதினால் அவள் திருத்தித் தருவாள்.

இந்த ஆட்டம் தொடங்கினது சுனாமி வருஷம். காசிமேட்டில் படகெல்லாம் ரோட்டு மேலே ஏறிக் கிடந்தது. ஹார்பரில் நமக்குக் கரி இறக்குகிற வேலை இல்லை. பகலெல்லாம் பாய் கடைதான். அப்போது அந்தச் சின்ன டிவியில் விருதுக்கு நாமினேசன் என்று சொல்லி, ஒவ்வொரு விருதுக்கும் ஐந்து பேரை வாசித்தார்கள். பாய் கேட்டார், நாமினேசன் என்றால் என்ன என்று. எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும் என்று நினைத்தாய். ஏனென்றால் நீ ஹார்பர் யூனியன் எலெக்சனில் ஒரு தடவை நின்றவன்.

"பாரம் வாங்கணும் பாய். முழுப்பேரு எழுதணும், அப்பன் பேரோட. ரெண்டு பேரு கையெழுத்து போடணும். புடிக்கலன்னா தேதிக்குள்ள போயி வாபஸ் வாங்கிக்கலாம்."

நடிகர்கள் எல்லாரும் வரிசையில் நின்று பாரம் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று நாங்கள் நம்பிவிட்டோம். யூனியனில் நீ அப்படித்தானே கொடுத்தாய். கொடுத்துவிட்டு வாபஸும் வாங்கினாய். உன் வீட்டுக்காரி மீன்கூடையோடு யூனியன் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "நீ கெலிச்சா வூட்டுக்கு எப்ப வருவ?" என்று கேட்டதில் நீ அன்றைக்கே வாங்கிவிட்டாய். கரி இறக்குகிற கேங்கில் ரொம்ப நாளைக்கு உனக்கு வாபஸ் என்றே பேர்.

அடுத்த லிஸ்டு வருவதற்கு முன்னாலேயே யார் யார் பேர் வரும் என்று நீ சொல்ல ஆரம்பித்தாய். நடிப்பைப் பார்த்துச் சொல்லவில்லை. பெரிய ஹீரோ ஒருத்தர் வெளிநாட்டில் ஷூட்டிங்கில் இருந்தார். பாரம் கொடுக்க அவர் எப்படி வருவார் என்று அவர் பேரை அடித்துவிட்டாய். பாய் உன்னோடு சண்டை போட்டார். லிஸ்டு வந்தது; அந்த ஹீரோ பேர் இல்லை. அன்றைக்கு நீ கடை வாசலில் நின்ற நிலை இருக்கிறதே, நீயே விருது வாங்கின மாதிரி. அதற்கப்புறம் உன்னை யார் எதிர்த்துப் பேசுவது. ஹீரோவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் கூட நீ பேரை எடுத்துவிடுவாய்.

நீ, பாய், உன் வீட்டுக்காரி, மூன்று பேரும் பேர் சொல்லுவீர்கள். ஆம்பளைக்கு ஐந்து, பொம்பளைக்கு ஐந்து. அதை என்னிடம் தனித்தனியாக வந்து சொல்லவேண்டும். எழுதி வைத்தால் மாற்றி எழுதிவிடுவீர்கள் என்று ஒருத்தரை ஒருத்தர் நம்பவில்லை. எனக்கு எழுத்து தெரியாது, மறதியும் கிடையாது. "இவன் தலையில போட்டா லாக்கர்ல போட்ட மாதிரி" என்று நீதான் சொன்னாய். அதனால் நான் ஒரு நாளும் பேர் சொன்னதில்லை, வைத்திருப்பதோடு சரி. லிஸ்டு வருகிற வரைக்கும் ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லக்கூடாது. லிஸ்டு வந்தால் சொல்லியே ஆகவேண்டும். அதற்குள் வேண்டுமானால் சொன்னவர் வந்து ஒரு பேரை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். சொன்னவர்தான் வரவேண்டும், வேறு ஆள் வந்து வாங்க முடியாது. அதுவும் உன் யூனியன் சட்டம்.

பொம்பளை லிஸ்டில் உன் வீட்டுக்காரியை யாரும் அடிக்க முடியாது. காலையில் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, கூடையைத் தேட்டர் ஸ்டாண்டில் கவிழ்த்துவிட்டு, மேட்னி பார்த்துவிட்டு வருவாள். கதையை அவள் சொல்லிக் கேட்டால் படம் பார்க்கவே வேண்டாம். அவள் ஐந்தும் சரியாகச் சொன்ன வருஷம் நீ அவள் முகத்தைப் பார்க்காமல், "ஏமே, பேச்ச வுட்டுட்டு மீனப் பாரு, பூனை நிக்குது" என்றாய். "ஏமே" என்பாய், "ந்தா" என்பாய். அந்த நாளிலெல்லாம் அவள் பேரை உன் வாயால் நான் கேட்டதே இல்லை.

பாயின் மருமகள் கலியாணமாகி வந்த புதிதில்தான் உன் சட்டம் உடைந்தது. அவள் படித்த பெண். நீ கடையில் உட்கார்ந்து யார் பாரம் கொடுத்திருப்பார், யார் கொடுத்திருக்கமாட்டார் என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, யாரும் போய்க் கொடுப்பதில்லை மாமா, படத்தைப் பார்த்து அவர்களே உட்கார்ந்து பேர் போட்டுவிடுவார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். உன் டீ அப்படியே ஆறிப்போனது.

"கேக்காமயேவா? கேக்காம எப்டி ஒர்த்தன் பேரப் போடுவானுங்க?"

பாய் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. ஹார்பர் கேட் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். இருந்தாலும் நம் ஆட்டத்தில் வாபஸ் இருக்கட்டும் என்றாய். இருந்தது.

கொரோனாவில் பாய் போனார். முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. அவர் கொடுத்திருந்த பத்துப் பேரையும், லிஸ்டு வந்த அன்றைக்கு நான் அவர் கடையில் நின்று சத்தமாகச் சொன்னேன். அதில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர் மருமகள் அடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அப்புறம் உனக்கு இருமல். ஹார்பர் கரி எல்லாருக்கும்தான் இருமலைக் கொடுத்தது, நீயும் அப்படித்தான் என்றிருந்தாய். எண்ணெய் வந்த மழையில் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். டாக்டர் உன் வீட்டுக்காரியைத்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வெளியே வந்து, ஆஸ்பத்திரிக் குழாயில் முகத்தைக் கழுவி, இடுப்பில் முடிந்து வைத்திருந்த பவுடரைப் போட்டுக்கொண்டு, என்னிடம் சொன்னாள்: அதுக்குத் தெரியக்கூடாது, சளி கட்டிக்கொண்டிருக்கிறது, கரைந்துவிடும் என்றுதான் நானும் சொல்லவேண்டும் என்று. நான் தலையாட்டினேன்.

வெயில் வருகிற வரைக்கும் அவள் நடித்தாள் மாமு. நெத்திலிக் குழம்பு கொண்டுவருவாள். கட்டிலில் உட்கார்ந்து, நேற்று மேட்னி போனேன் என்று ஆரம்பித்துக் கதை சொல்லுவாள். ஹீரோ மாதிரி கையைத் தூக்கிக் காட்டுவாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், சிரித்தால் இருமல் வரும், இருமல் நிற்கிற வரைக்கும் அவள் கதையை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதே இடத்திலிருந்து திரும்ப ஆரம்பிப்பாள்.

ஒரு நாள் அவள் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் நீ என்னைக் கிட்டக் கூப்பிட்டாய். இந்த வருஷத்துப் பேரை வாங்கிக்கொள் என்றாய். ஆம்பளைக்கு ஐந்தும் கடகடவென்று சொன்னாய். பொம்பளைக்கு நான்கு சொல்லி நிறுத்தினாய்.

"அஞ்சாவது எவளோன்னு நெனைக்காத. சினிமாக்காரி எவளுமில்ல. எம் வூட்டுக்காரிதான். நேத்து ஒரு படத்தப் பாத்தேன்னு கத சொல்லிச்சே, அந்தப் படத்த தேட்டர்லந்து தூக்கி எத்தினி நாளாச்சு. தேட்டர்லயே இல்லாத படத்துக்கு கத சொல்லிகினு கீது மாமு. அழுவுற எடத்துல சிரிக்குது. இத்தவிட நடிச்சவ எவ இருக்கா?"

அப்புறம் நாமினேசன் என்றால் முழுப்பேர் வேண்டும் என்று, அவள் பேரை அப்பன் பேரோடு சேர்த்து, ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு வாங்கிச் சொன்னாய். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்:

"கேக்காமயே எம் பேரப் போட்டுட்டானுங்க மாமு. வாபஸ் தேதியும் தாண்டிப்போச்சு."

அவள் ஈரக்கையோடு வந்தாள். நீ உடனே, "இன்னாமே, அந்த ஹீரோ கடசில செத்தானா பொழச்சானா?" என்று கேட்டாய். பொழைத்துவிட்டான் என்றாள்.

உன்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்றைக்கு அவள் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "தெரியாமயே போயிருச்சுண்ணா. பயப்படாம போச்சு. எனக்கு அந்த ஒண்ணு போதும்." நான் அதற்கும் தலையாட்டினேன். அதற்கப்புறம் அந்த வருஷத்து லிஸ்டு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் கடைப் பக்கம் வரவில்லை. மேட்னிக்கும் போகவில்லை என்று மார்க்கெட்டில் சொன்னார்கள்.

இன்றைக்கு இந்த வருஷத்து லிஸ்டு முடிந்து சோப்பு விளம்பரம் வந்தபோது அவள் வாசலில் நின்றாள். கூடை காலி. பாயின் மருமகள் பெஞ்சைத் துடைத்துவிட்டாள். அவள் உட்காரவில்லை.

"ண்ணா, அது கடசியா குட்த்த பேரு உங்கிட்டதான கீது. டபாய்க்காம சொல்லு."

ஆம்பளைப் பேர் ஐந்தும் சொன்னேன். மூன்று அந்த வருஷம் வந்த பேர். சிரித்தாள். பொம்பளைப் பேர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு விரலாக மடக்கினாள். நான்கு மடங்கிவிட்டது. கட்டைவிரல் மட்டும் நின்றது.

ஏதாவது ஒரு கதாநாயகி பேரைச் சொல்லியிருக்கலாம். நம்பிக்கொண்டு போயிருப்பாள். நீ பயப்படாமல் போனாய் என்ற அந்த ஒன்றும் அவளிடமே இருந்திருக்கும். ஆனால் நீ வாபஸ் வாங்கவில்லையே மாமு. நீ வராமல் நீ சொன்ன பேரை நான் எப்படி எடுப்பது?

அஞ்சாவது நீதாம்மா என்றேன். இல்லாத படத்துக்குக் கதை சொன்னாயாமே என்றேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கட்டைவிரல் அப்படியே நின்றிருந்தது. "அப்ப அதுக்குத் தெரியும்" என்றாள், என்னைப் பார்த்து இல்லை. நின்ற விரலைப் பார்த்துக்கொண்டு, "தெரிஞ்சிகினேதான் அத்தினி கதையும் கேட்டுகினு இருந்துச்சா" என்றாள். அப்புறம் அழுதாள். கழுவிக்கொள்ள எழுந்திருக்கவில்லை. மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், தொடவில்லை. நான் செய்தது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அவளிடம் இருந்த ஒன்றை எடுத்துவிட்டேன்.

முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எம் பேர சொல்லிச்சா? வாயாலயா?"

முழுப்பேர் என்றேன். அப்பன் பேரோடு.

"எங்க, அது சொன்ன மாதிரி சொல்லு."

என் தலைக்குள்ளே எத்தனை பேர் கிடக்கிறார்கள் மாமு. ஓடாத படத்துக்காரர்கள், ஊரே மறந்த கதாநாயகிகள், பாய் பிடிவாதமாக வருஷா வருஷம் சொன்ன அந்தக் கிழவர். பேர் சொன்னவர்களில் பாய் இல்லை, நீ இல்லை. நான் வைத்திருக்கிற ஆள்தான், கணக்கில் வரமாட்டேன். மிச்சம் ஒருத்திதான். அவள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, டிவியில் பேர் வாசிக்கும்போது பார்க்கிற மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ மூச்சு வாங்கின இடத்திலெல்லாம் நானும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்:

ஏழுமலை மகள் கன்னியம்மா.