புதிய முகவரி அப்பாவுக்குப் போகாமல் நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி.
(பெயரும் முகவரியும் எழுத இயலாத காரணத்தைக் கீழே சொல்லியிருக்கிறேன்.)

பெறுநர்:
உயர்திரு ஒருங்கிணைப்பாளர் அவர்கள்,
மாணவர் விவரப் பொதுமுறைக் குழு,
கல்வித் துறை.

பொருள்: முகவரி மாற்றத்தைப் பெற்றோர் இருவருக்கும் தானாகவே தெரிவிக்கும் விதியை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பள்ளி மாறும் பிள்ளைகளின் விவரங்கள் தொலையாமல் போய்ச் சேர, எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே முறை வகுக்கிறீர்கள். ஆசிரியர்களும் மென்பொருள் எழுதுபவர்களும் பெற்றோரும் சம்பளம் இல்லாமல், தாமாகவே முன்வந்து கூடிப் பேசுவதாக எங்கள் பள்ளி எழுத்தர் சொன்னார். அவரும் குழுவில் இருக்கிறார். அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை.

2. ஆனால் முகவரி மாறினால் அம்மா, அப்பா இருவருக்கும் உடனே செய்தி போகும் என்று வரைவில் இருக்கிறது. பிள்ளையைப் பார்க்க முடியாமல் தவிக்கும் அப்பாக்கள் கேட்டுச் சேர்த்தார்களாம். அவர்கள் கேட்டது நியாயம். என் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. அம்மாவின் இடது கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை. அப்பாவுக்குத் தெரியாமல்தான் இந்த ஊருக்கு வந்தோம். பழைய பள்ளி அனுப்பிய விவரத்தில் அவருடைய கைப்பேசி எண் அப்படியே இருக்கிறது.

3. ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்று அறிவித்தீர்கள். எழுதுபவரின் பெயரும் முகவரியும் எல்லோரும் பார்க்க வெளியிடப்படும் என்றும் அதிலேயே போட்டிருந்தீர்கள். ஒளிந்திருப்பவர்கள் எப்படி எழுதுவார்கள், ஐயா? ஒருவரும் எழுதவில்லை. ஆட்சேபம் இல்லை என்று குழு முடிவு செய்துவிட்டது.

4. இந்தப் புதிய முறையை முதலில் நடத்திப் பார்க்கும் சோதனைக்கு எங்கள் பள்ளி தானாகவே பெயர் கொடுத்திருக்கிறது. திங்கட்கிழமை எங்கள் விவரங்கள் அதில் ஏறும்; அன்றே அப்பாவுக்குச் செய்தி போய்விடும். எழுத்தரிடம் கெஞ்சினேன். "எல்லாரும் கூடி ஒத்துக்கிட்டது பாப்பா, நான் ஒருத்தன் கை வைக்க முடியுமா? அப்பாவுக்குத் தெரிஞ்சா சந்தோஷம்தானே படுவாரு!" என்று சிரித்தார். அவரிடம் காரணத்தைச் சொல்லாமலே வந்துவிட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே துணிகளை மூட்டை கட்டிவிடுவார். இந்த முறை நான் தேர்வு எழுத வேண்டும், ஐயா. அம்மா விழித்துக்கொள்வாரோ என்று பயந்து பயந்து எழுதுகிறேன். கையெழுத்து சரியில்லாததற்கு மன்னிக்கவும்.

5. 'இந்த முகவரியை யாருக்கும் தெரிவிக்கக் கூடாது' என்று குறிக்க ஒரே ஒரு கட்டம் சேருங்கள். அது வரும்வரை அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள். எங்கள் பள்ளி எது என்று தேட வேண்டாம். சோதனை நடக்கும் எல்லாப் பள்ளிகளிலும் சேர்த்தே நிறுத்துங்கள்.

6. இந்த மனுவைத் தயவுசெய்து வெளியிடாதீர்கள். ஆட்சேபம் ஒன்று வந்தது என்று மட்டும் குழுவில் சொல்லுங்கள்.

தங்களை மட்டுமே நம்பியிருக்கும்,
ஒரு மாணவி.

நாள்: புதன்கிழமை
இடம்: எழுதவில்லை, ஐயா.